லீஸ் காரில் மைல் எல்லை தாண்டுகிறதா? அபராதத்துக்குப் பயப்படும் முன் போட வேண்டிய கணக்கு

டெக்சாஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோவில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. மூன்று வருட லீஸில், அதாவது மாதத் தவணை கட்டி ஓட்டிவிட்டு முடிவில் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டில், புதுக் கார் எடுத்திருக்கிறார். வருடத்துக்கு 10,000 மைல், தாண்டினால் மைலுக்கு 25 சென்ட். எடுத்தபோது வாரத்தில் இரண்டு நாள் அர்விங்கில் இருக்கும் ஆபீஸுக்குப் போனால் போதும் என்று இருந்தது. மாதம் 800 மைலுக்குள் அடங்கியது. எட்டு மாதம் கழித்து ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டார்கள். அப்போதிருந்து மாதம் 1,400 மைல். இடையில் ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கும் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறார்கள். இப்போது 14 மாதம் ஆகிறது, ஓடோமீட்டர் 15,900-இல் நிற்கிறது. “முதல் வருட எல்லையைத் தாண்டிவிட்டேன், அபராதம் உடனே வருமா? இப்போதே காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லதா?” என்று கேட்கிறார். வீட்டில் மனைவி ஓட்டும் பழைய கொரோலா ஒன்று இருக்கிறது, அது கடன் முடிந்த சொந்த வண்டி என்பதையும் சொல்லியிருக்கிறார்.

தம்பி, முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில்: வேண்டாம். லீஸைப் பாதியில் முறித்தால், மீதி இருக்கும் தவணைகளையும், காரைப் பாதியில் விற்பதால் நிறுவனத்துக்கு விழும் நட்டத்தையும் சேர்த்து உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். மைல் அபராதத்துக்குப் பயந்து அதைவிடப் பல மடங்கு கட்டிவிட்டு வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். வருடத்துக்கு 10,000 என்று சொல்வது பேச்சு வழக்கு. நிறுவனம் பார்ப்பது மொத்தத்தை. 36 மாதத்துக்கு 30,000 மைல்; அதையும் காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒரே ஒரு தடவைதான் பார்ப்பார்கள். முதல் வருடம் 14,000 ஓட்டிவிட்டு அடுத்த இரண்டு வருடமும் 8,000 ஓட்டினால் ஒரு காசு கிடையாது. ஆகவே இன்றைக்கு உங்களுக்கு எந்த பில்லும் வராது. இன்னும் 22 மாதம் கையில் இருக்கிறது. இந்த நேரம்தான் உங்களிடம் உள்ள பெரிய சொத்து. 34-ஆவது மாதம் வந்து கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பாதி வழிகூட இருக்காது.

ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று அர்த்தம். இங்கே டீலர் மைலேஜ் என்றால் ஓடிய தூரம். புதிதாக வந்தவர் ஒருவர், “மைலேஜ் 10,000, நல்ல டீல்” என்று டீலர் சொன்னதை ஏதோ வண்டியின் சிறப்பு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லையே என்று பிறகு வாதாட முடியாது. 1976-இல் வந்த கன்ஸ்யூமர் லீஸிங் ஆக்ட் என்ற கூட்டரசுச் சட்டப்படி, வருடத்துக்கு எத்தனை மைல், தாண்டினால் மைலுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் காட்ட வேண்டும். ‘எக்ஸசிவ் வேர் அண்ட் யூஸ்’ என்ற தலைப்பின் கீழ் அது இருக்கும். இன்றைக்கே அந்தப் பக்கத்தை எடுத்து, 25 சென்ட்தானா, எல்லை ஆரம்ப மைலையும் சேர்த்தா சேர்க்காமலா என்று பாருங்கள். டீலர் லோனராகவோ (வாடிக்கையாளருக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது) டெமோவாகவோ (ஓட்டிக் காட்டுவது) ஓட்டிய வண்டி என்றால் தொடக்கத்திலேயே சில ஆயிரம் மைல் ஓடியிருக்கும். ஒப்பந்தத்தின் இந்த ஒரு வாக்கியம் அங்கே பெரிய பணம்.

சரி, இப்போது கணக்கு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 15,900-ஐ 14-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 1,136. அதை 36-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 40,900. எல்லைக்கு மேல் 10,900, அபராதம் 2,725 டாலர். இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பீர்கள். இது தப்பு. ஆபீஸுக்கு இரண்டு நாள் போன காலமும் அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் காலம் திரும்பி வரப்போவதில்லை. கடைசி மூன்று மாத வேகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் பாருங்கள்: 22 மாதம், மாதம் 1,400, ஆக 30,800. ஏற்கெனவே ஓடிய 15,900-ஐச் சேர்த்தால் 46,700. எல்லைக்கு மேல் 16,700 மைல், 4,175 டாலர். உங்கள் உண்மையான பிரச்சினையின் அளவு இதுதான். இதில் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழாவுக்கு ஜூலையில் வேறு மாநிலம் போவதும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குவதும் இன்னும் சேரவில்லை. பெற்றோர் வந்திருக்கும் காலத்தில் கோயில், அவுட்லெட், சொந்தக்காரர் வீடு என்று வண்டி எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குத் தனியாக 2,000 மைலாவது ஒதுக்கி வைக்க வேண்டும்.

எதையும் செய்வதற்கு முன் நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: மூன்று வருடம் முடிந்ததும் இந்தக் காரைத் திருப்பிக் கொடுப்பீர்களா, நீங்களே வாங்கிக்கொள்வீர்களா? ஏனென்றால் மைல் அபராதம் திருப்பிக் கொடுப்பவருக்கு மட்டும்தான். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ரெசிடுவல் விலையை (லீஸ் முடிவில் கார் இவ்வளவு பெறும் என்று முன்பே போட்ட மதிப்பு) கொடுத்து வாங்கிக்கொண்டால் ஓடோமீட்டர் 30,000 காட்டினாலும் 60,000 காட்டினாலும் அபராதம் கிடையாது. வாங்கப்போவது உறுதி என்றால் இதற்கு மேல் நான் சொல்லும் சிக்கன வழிகள் பெரும்பாலும் உங்களுக்குத் தேவையில்லை. ஓட்டுங்கள்.

இதை எண்ணில் காட்டுகிறேன். உதாரணத்துக்கு, உங்கள் ரெசிடுவல் 19,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 46,700 மைல் ஓடிய அந்தக் காரை அன்றைக்குச் சந்தையில் 17,500-க்குத்தான் எடுப்பார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 17,500 பெறும் பொருளை 19,500 கொடுத்து வாங்குவதா என்று தோன்றும். ஆனால் திருப்பிக் கொடுத்தால் 4,175 அபராதம், அதோடு டிஸ்போசிஷன் ஃபீ, அதாவது திருப்பிக் கொடுக்கும்போது வாங்கும் கட்டணம், ஒரு 395 என்றால் மொத்தம் 4,570 டாலர் கையைவிட்டுப் போகும், வண்டியும் போகும். வாங்கினால் 2,000 அதிகம் கொடுக்கிறீர்கள். டெக்சாஸில் விற்பனை வரி 6.25 சதவீதம், அது சுமார் 1,219. லீஸ் எடுத்தபோதே வரி கட்டியிருந்தாலும் வாங்கும்போது இது மறுபடியும் உண்டு. இரண்டும் சேர்ந்து 3,219. டைட்டில், பதிவுச் செலவு போக, அந்தக் காரை மறுநாளே விற்றாலும்கூடத் திருப்பிக் கொடுப்பதைவிட ஆயிரம் டாலருக்கு மேல் மிச்சம். வைத்து ஓட்டினால் நீங்களே பார்த்துப் பார்த்துப் பராமரித்த வண்டி உங்களிடமே இருக்கும். சந்தை விலை இதைவிடக் கீழே விழுந்திருந்தால் கணக்கு மாறும். அதனால் 33-ஆவது மாதத்தில் இதே கணக்கை உண்மையான எண்களோடு போடுங்கள். பழைய கார் வாங்கி விற்கும் கார்மேக்ஸ் போன்ற இடங்களில் இணையத்திலேயே விலை கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: லீஸ் காரை நேராக வேறு டீலரிடம் விற்க இப்போது பல நிதி நிறுவனங்கள் விடுவதில்லை, அல்லது அவர்களுக்குக் கூடுதல் விலை சொல்கின்றன. நீங்கள் முதலில் உங்கள் பெயருக்கு வாங்கிப் பிறகுதான் விற்க வேண்டியிருக்கும்.

திருப்பிக் கொடுப்பதுதான் திட்டம் என்றால், உங்களுக்குக் கிடைத்திருக்கும் சிறந்த வழி வாசலிலேயே நிற்கிறது: அந்தக் கொரோலா. நீங்கள் ஒரு நாளைக்கு ஆபீஸ் போய்வர 50 மைல். உங்கள் மனைவி பள்ளிக்கூடம், கடை என்று 10 மைல் ஓட்டுவார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள் வண்டியை மாற்றிக்கொண்டால் லீஸ் காரில் வாரத்துக்கு 120 மைல் குறைகிறது. மாதத்துக்கு 500 மைலுக்கு மேல், 22 மாதத்தில் 11,000 மைல். அபராதம் 4,175-இலிருந்து 1,425-க்கு இறங்கிவிடும். ஐந்து நாளும் மாற்றினால் எல்லைக்குள்ளேயே, 28,000 சொச்சத்தில், வந்து நிற்கும்; அப்பா அம்மா வரும்போது ஊர் சுற்றவும் இடம் இருக்கும். கொரோலாவுக்கும் ஆயில், டயர் செலவு கூடும், விலையும் கொஞ்சம் இறங்கும். ஆனாலும் மைலுக்கு 25 சென்ட் அளவுக்கு அந்தப் பழைய வண்டி மதிப்பு இழக்காது. புதுக் காரில் ஆபீஸ் போகும் சந்தோஷம் போய்விடுமே என்று நினைப்பீர்கள், அது நியாயம்தான். ஆனால் குழந்தைகளை ஏற்றிப் போகும் மனைவிக்குப் பாதுகாப்பான புது வண்டி, டோல்வேயில் நகர்ந்து நகர்ந்து போகும் உங்களுக்குப் பழைய வண்டி என்பது எனக்கு இன்னும் சரியாகவே படுகிறது. இரண்டு பேர் பெயரும் இரண்டு வண்டியின் இன்சூரன்ஸிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே அபார்ட்மென்டில் அதே பக்கம் வேலைக்குப் போகிறவர் ஒருவர் இருந்தால் கார்பூல் இன்னொரு நல்ல வழி. ஒரு நாள் அவர், ஒரு நாள் நீங்கள். ஆபீஸ் மைல் பாதியாகும், டோலும் பாதியாகும்.

நெடும் பயணத்துக்கு வாடகைக் கார் எடுப்பதா என்று பலர் கேட்கிறார்கள். எல்லையைத் தாண்டப்போவது உறுதி என்றால் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் 25 சென்ட் விலை. தாண்டமாட்டீர்கள் என்றால் அதே மைலின் விலை பூஜ்யம். ஆகவே முதல் நிலையில் மட்டும்தான் வாடகைக் கார் பற்றி யோசிக்க வேண்டும். பேர்லேண்டுக்குப் போய்வர ஏறக்குறைய 560 மைல், அதாவது 140 டாலர். இரண்டு நாள் வாடகை வரியோடு 110 ஆகும் என்றால் முப்பது டாலர் மிச்சம்; குழந்தை இருக்கையைக் கழற்றி மாட்டும் வேலைக்கு அது ஈடாகாது, சொந்த வண்டியிலேயே போய் அம்மனைப் பார்த்துவிட்டு வாருங்கள். கிராண்ட் கேன்யன் போவதானால் கதை வேறு. போய்வர 2,000 மைலுக்கு மேல், 500 டாலருக்கு மேல். ஒரு வாரத்துக்கு 350-க்கு வாடகை வண்டி கிடைத்தால் எடுத்துவிடலாம். வாடகை ஒப்பந்தத்தில் மைலுக்கு எல்லை இல்லை என்றும், மாநிலம் தாண்டிப் போகலாம் என்றும் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மைல் எல்லையிலிருந்து தப்பி இன்னொன்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் நிதி நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டு, இடையில் கூடுதல் மைல் வாங்க முடியுமா என்றும் கேளுங்கள். டீலரிடம் கேட்டுப் பயனில்லை, மாதத் தவணை யாருக்குப் போகிறதோ அவர்களிடம். சில நிறுவனங்கள் லீஸ் நடக்கும்போதே விற்கின்றன. கடைசியில் கட்டும் அபராதத்தைவிட விலை குறைவாக இருக்கும். சில நிறுவனங்கள் தொடக்கத்தில் வாங்கினால்தான் உண்டு என்று சொல்லிவிடும். வாங்கிய மைலை ஓட்டாமல் விட்டால் பணம் திரும்பி வருமா என்பதையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.

லீஸை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் தளங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லையைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை யார் எடுப்பார்? கையிலிருந்து காசு கொடுத்தால்தான் எடுப்பார்கள். கடைசியில் சில மாதம் லீஸை நீட்டிக்கலாமே என்பதும் உதவாது. மாதத்துக்கு 833 மைல் கூடும், நீங்கள் 1,400 ஓட்டுவீர்கள். பள்ளம் இன்னும் ஆழமாகும்.

ஓடோமீட்டரைத் “திருத்தித் தருகிறோம்” என்று சொல்பவர்களும், ஓட்டத்தைப் பதிவாகாமல் தடுக்கும் கருவி விற்பவர்களும் உண்டு. பக்கத்திலேயே போகாதீர்கள். காரைக் கொடுக்கும்போது ஓடோமீட்டர் அளவு சரியானது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். அதைத் திருத்துவது கூட்டரசுக் குற்றம், மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஒவ்வொரு சர்வீஸிலும் மைல் பதிவாகியிருக்கும், மறைக்கவும் முடியாது. விசாவில் இருப்பவர்கள் நாலாயிரம் டாலருக்காக வாழ்க்கையையே பணயம் வைக்கக் கூடாது.

யாரும் பேசாத இன்னொரு விஷயம் வாரன்டி. டொயோட்டா, ஹோண்டா போன்றவற்றில் அடிப்படை வாரன்டி மூன்று வருடம் அல்லது 36,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. இப்போதைய வேகத்தில் 28 மாதம் முடிந்த சில நாளிலேயே நீங்கள் 36,000-ஐத் தொட்டுவிடுவீர்கள். மீதி ஏழரை மாதம், இன்னும் உங்களுக்குச் சொந்தமாகாத காரின் ஏசியோ திரையோ பழுதானால் உங்கள் கைக்காசு. எஞ்சின், கியர்பாக்ஸுக்கான வாரன்டி 60,000 வரை இருப்பது ஓர் ஆறுதல். டயரும் அப்படித்தான். 45,000 மைலைத் தாண்டினால் கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் தேய்ந்திருக்கும். பொதுவாக எட்டில் ஓர் அங்குலப் பள்ளமாவது டயரில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இல்லையென்றால் அவர்கள் போடும் விலைக்கு நாலு டயர். ஆகவே வண்டியை மாற்றி ஓட்டுவதில் மிச்சமாவது மைல் காசு மட்டும் அல்ல.

மாதம் தவறாமல் கவனிக்க நான் செய்வதைச் சொல்கிறேன். கிளவ் பாக்ஸில் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கராஜிலிருந்து வண்டியை எடுக்கும் முன், என் மகள் ஓடோமீட்டரை வாசிப்பாள், நான் எழுதுவேன். மூன்று கட்டம்: ஓடியது, ஓடியிருக்க வேண்டியது, வித்தியாசம். வித்தியாசம் 500-ஐத் தாண்டினால் பென்சிலை வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் எழுதுவது அவள் போட்ட சட்டம். செல்போனிலும் செய்யலாம்; ஆனால் வண்டிக்குள்ளேயே கிடக்கும் நோட்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்த முறை லீஸ் எடுப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் வரும் மாதத் தவணை பெரும்பாலும் 10,000 மைலுக்கானது. 15,000 கேட்டால் தவணை பயங்கரமாக ஏறும் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. 32,000 டாலர் காருக்கு 10,000 மைலில் ரெசிடுவல் 61 சதவீதம், 15,000 மைலில் 58 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சதவீதம் என்பது 960 டாலர், மாதத்துக்குச் சுமார் 27 டாலர். அதற்குக் கிடைப்பது மூன்று வருடத்தில் 15,000 மைல், அதாவது மைலுக்கு ஆறரை சென்ட்டுக்கும் கீழே. அதே மைலைக் கடைசியில் 25 சென்ட்டுக்கு வாங்கினால் 3,750 டாலர். குறைவாக ஓட்டினால் இந்த 960-இல் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து வேலையா, ஆபீஸுக்குப் போக வேண்டுமா என்பது நிச்சயமில்லை என்றால் பெரிய எண்ணையே எடுங்கள். எல்லா டீலரிடமும் ஒவ்வொரு மைல் அளவுக்கும் ரெசிடுவல் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

காரைக் கொடுக்கும் காலம் வரும்போது, இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே இலவசமாக ஒரு முன்பரிசோதனைக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். டயர், கீறல், கண்ணாடி எல்லாம் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள், சரிசெய்ய நேரம் கிடைக்கும். கொடுக்கும் அன்றைக்கு, சாவியைக் கையில் தரும் முன், என்ஜினை ஆன் செய்து ஓடோமீட்டரைத் தேதியோடு படம் எடுங்கள். அங்கே கையெழுத்தாகும் ஓடோமீட்டர் தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். என் இரண்டாவது லீஸில் நான் காரை விட்டு வந்த பிறகு டீலரிடமே மூன்று வாரம் கிடந்தது. பில் வந்தபோது நான் விட்டதைவிட 212 மைல் கூடுதல். மைலுக்கு 20 சென்ட், 42 டாலர் 40 சென்ட். பெரிய பணம் இல்லை. படத்தையும் தாளையும் அனுப்பினேன், நாலு நாளில் அந்தத் தொகையை எடுத்துவிட்டுப் புது பில் அனுப்பினார்கள்.